பார்க்கின்சனுக்கு ஸ்டெம் செல் ஊசி: மூன்றரை லட்சம் கேட்கிறார்கள், போடலாமா?

மலைக்கோட்டை_வாசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 68. பார்க்கின்சன் வந்து ஏழு வருடம் ஆகிறது. ஆரம்பத்தில் மூன்று வேளை சின்டோபா மாத்திரையில் ஒழுங்காக ஓடியது, இப்போது ஐந்து வேளை. மாத்திரை பிடித்திருக்கும் நேரத்தில் வாசல் வரை போய்ப் பேப்பர் எடுத்து வருகிறார். அது இறங்கிவிட்டால் நாற்காலியை விட்டு எழ ஓர் ஆள் வேண்டும். நிலைப்படி தாண்டும்போது கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது.

மாமா ஒருவர் மூலமாக ஒரு கிளினிக் தெரியவந்தது. இடுப்பெலும்பில் மஜ்ஜை எடுத்து, அதிலிருந்து ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச்செல்) பிரித்து, முதுகுத்தண்டில் ஊசியாகப் போடுவார்களாம். மூன்று தவணை, மொத்தம் மூன்றரை லட்சம். முன்பணம் கட்டினால் தள்ளுபடி உண்டாம். "ஜப்பானில் நிரூபித்துவிட்டார்கள்" என்று ஒரு செய்தி நறுக்கும் வாட்ஸ்அப்பில் வந்தது. வழக்கமாகப் பார்க்கும் நியூராலஜிஸ்ட் வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். ஏன் என்று விளக்க அவருக்கு நேரமில்லை, வெளியே அவ்வளவு கூட்டம். அம்மா நகையை அடகு வைக்கலாம் என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சும்மா_எட்டிப்பார்த்தவன் எழுதியது:

முதலில் நகையை பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். மிச்சத்தை மற்றவர்கள் சொல்வார்கள்.

ஆய்வுக்கூட_ஆந்தை எழுதியது:

செல் உயிரியல் என் துறை. மருத்துவர் இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அந்த நறுக்கில் இருக்கும் ஜப்பான் செய்தி உண்மைதான். ஆனால் அதற்கும் உங்களிடம் விற்கப்படும் ஊசிக்கும் பெயரைத் தவிர ஒரு சம்பந்தமும் இல்லை.

பார்க்கின்சனில் நடப்பது இது. நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்று ஒரு சின்னப் பகுதி, கறுப்பு நிறமி சேர்ந்த நரம்பணுக்கள் உள்ள இடம். அங்கிருந்து கிளம்பும் நரம்பு இழைகள் புட்டாமென் என்ற பகுதிக்குப் போய், உடல் இயக்கத்தைச் சீராக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கின்றன. இந்த நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக மடிகின்றன. கை நடுக்கம் வெளியே தெரியும் நேரத்தில் பாதிக்கு மேல் போயிருக்கும். சின்டோபாவில் இருக்கும் லெவோடோபா, டோபமைனுக்கு மூலப்பொருள். அதை டோபமைனாக்கிச் சேமித்து, தேவைக்கேற்ப விட வேண்டியது மிச்சமிருக்கும் செல்கள். அவை குறையக் குறையச் சேமிக்க இடமில்லாமல் போகிறது, மாத்திரையின் ஆயுளும் சுருங்குகிறது. அப்பாவுக்கு மூன்று வேளை ஐந்தானது இதனால்தான்.

சரி, போன செல்லுக்குப் பதில் புதுச் செல் வைத்தால் என்ன? கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஜுன் தகாஹாஷியின் குழு அதைத்தான் செய்தது. ஆரோக்கியமான ஒருவரின் ரத்தச் செல்களை எடுத்து, ஷின்யா யமனாகா 2006-இல் எலியிலும் 2007-இல் மனிதச் செல்லிலும் செய்துகாட்டிய வழியில் அவற்றைக் கருநிலைக்குத் திருப்பினார்கள். ஐபிஎஸ் செல் என்பது அதுதான், 2012 நோபல் அதற்குத்தான். அங்கிருந்து படிப்படியாக, டோபமைன் நரம்பணுவாகப் போகிற பாதைக்குக் கொண்டுவந்தார்கள். கோரின் என்ற புரதம் மேற்பரப்பில் உள்ள செல்களை மட்டும் தனியே பொறுக்கி எடுத்து, மண்டையோட்டில் துளையிட்டு, மெல்லிய ஊசி வழியாகப் புட்டாமெனுக்குள் வைத்தார்கள்.

இதில் பக்குவம் முக்கியம். செல் ரொம்ப இளசாக இருந்தால் கட்டுக்கடங்காமல் பெருகிக் கட்டியாகிவிடும். முற்றிய நரம்பணுவாக இருந்தால் ஊசியிலேயே செத்துவிடும். நாற்றுப் பருவம் தப்பினால் நடவு பிடிக்காது என்கிற கணக்குத்தான்.

இப்போது உங்கள் கிளினிக்குக்கு வருவோம். மஜ்ஜையில் கிடைக்கும் மீசன்கைமல் செல்கள் எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு ஆகக்கூடியவை. உடலுக்குள் போய் டோபமைன் நரம்பணுவாக அவை மாறுவதில்லை. போடுகிற இடமும் புட்டாமென் இல்லை, முதுகுத்தண்டு நீர். வேறு செல், வேறு இடம். ஜப்பான் சோதனையைக் காட்டி இதை விற்பதற்கு எந்த நியாயமும் கிடையாது.

மலைக்கோட்டை_வாசி எழுதியது:

ரொம்ப நன்றி. இந்த அளவுக்கு யாரும் விளக்கியதில்லை. அந்த ஜப்பான் நோயாளிகள் குணமானார்களா? அப்பா அதைத்தான் கேட்கிறார்.

ஆய்வுக்கூட_ஆந்தை எழுதியது:

குணம் என்று யாரும் சொல்லவில்லை, அந்த ஆய்வாளர்களும் சொல்லவில்லை.

2018-இல் தொடங்கிய சோதனை அது. 50 முதல் 69 வயது வரை உள்ள ஏழு பேர். முடிவு 2025 ஏப்ரலில் நேச்சர் இதழில் வந்தது. முதல் நோக்கம் பாதுகாப்பு. இரண்டு வருடக் கண்காணிப்பில் தீவிரமான பக்கவிளைவு இல்லை, கட்டி எதுவும் வளரவில்லை. பலனை ஆறு பேரிடம் அளந்தார்கள். மாத்திரை இறங்கிய நிலையில் உடல் இயக்கத்துக்கு மதிப்பெண் போடும்போது நான்கு பேருக்கு முன்னேற்றம், இரண்டு பேருக்கு இல்லை. பெட் ஸ்கேனில் புட்டாமெனில் டோபமைன் தயாரிப்பைக் காட்டும் அளவு சராசரியாக 44.7 சதவீதம் கூடியிருந்தது. வைத்த செல்கள் உயிரோடு வேலை செய்கின்றன என்பதற்கு அது நல்ல சான்று. வேறொருவரின் செல் என்பதால் டாக்ரோலிமஸ் என்ற நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தும் ஒரு வருடத்துக்கு மேல் சாப்பிட வேண்டியிருந்தது.

அதே நாளில் அதே இதழில் அமெரிக்க, கனடா சோதனையும் வந்தது. பேயர் குழுமத்தின் புளூராக் நிறுவனம், நியூயார்க் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் உருவான முறை. அவர்கள் எடுத்தது தொடக்கநிலைக் கருவிலிருந்து வந்த ஸ்டெம் செல். 12 பேர், ஐந்து பேருக்குக் குறைந்த அளவு, ஏழு பேருக்குக் கூடிய அளவு. 18 மாதத்தில் கூடிய அளவு பெற்றவர்களின் இயக்க மதிப்பெண் சராசரியாக 23 புள்ளி நன்றாக இருந்தது. எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஏழு பேரின் சராசரியை வைத்துக்கொண்டு நான் கொண்டாட மாட்டேன்.

பழைய_பஞ்சாங்கம் எழுதியது:

ஆந்தை நிதானமாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் இந்தக் கதைக்கு ஒரு முன்கதை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஏதோ நேற்று கண்டுபிடித்த மாதிரி ஆகிவிடும்.

மூளைக்குள் டோபமைன் செல் வைக்கும் வேலையை 1987-லேயே ஸ்வீடனின் லுண்ட் நகரத்தில் தொடங்கிவிட்டார்கள். ஆண்டர்ஸ் பியோர்க்லுண்ட், ஓல்லே லிண்ட்வால் குழு. அப்போது ஆய்வகச் செல் கிடையாது. கருக்கலைப்பில் கிடைக்கும் சிசுக்களின் நடுமூளைத் திசுவைத்தான் வைத்தார்கள். சிலருக்கு அபாரமான பலன், வருடக்கணக்கில் மாத்திரையே தேவைப்படாமல் இருந்தவர்களும் உண்டு. உலகமே நம்பியது.

அப்புறம் அமெரிக்கர்கள் அதைக் கறாராகச் சோதித்தார்கள். 40 பேர், பாதிப் பேருக்குத் திசு, மீதிப் பேருக்குப் பொய் அறுவை. நெற்றியில் துளை மட்டும் போட்டு, மூளை உறையைத் தொடாமல் மூடிவிடுவார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மதிப்பெண் போடும் டாக்டருக்கும் தெரியாது. 2001-இல் முடிவு வந்தது. நோயாளிகள் தாங்களே சொன்ன முன்னேற்றத்தில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசமே இல்லை. உடல் இயக்கத்தில் 60 வயதுக்குக் கீழே இருந்தவர்களுக்கு மட்டும் கொஞ்சம் பலன். அதைவிட மோசம், திசு வைக்கப்பட்டவர்களில் 15 சதவீதம் பேருக்கு மாத்திரையை நிறுத்தினாலும் அடங்காத கை கால் முறுக்கல். 2003-இல் வந்த இரண்டாவது சோதனையில் அந்த முறுக்கல் பாதிக்கு மேற்பட்டோருக்கு. அத்தோடு அந்தத் துறை பல வருடம் முடங்கியது.

2008-இல் இன்னொரு செய்தி. வருடங்கள் கழித்து இறந்துபோன நோயாளிகளின் மூளையைத் திறந்து பார்த்தால், வைத்த இளம் செல்களுக்குள்ளேயும் பார்க்கின்சனுக்கே உரிய லூயி உருண்டைகள். ஆல்ஃபா சைனூக்ளீன் என்ற புரதம் திரண்டு உண்டாகும் உருண்டை. நோய் பழைய செல்லிலிருந்து புதுச் செல்லுக்கும் தாவியிருக்கலாம். பத்து வருடத்துக்கு மேல் அந்தச் செல்கள் பெரும்பாலும் வேலை செய்தன என்பதும் உண்மை. 68 வயதுக்காரருக்குப் பத்து வருடம் சின்ன விஷயமில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நோயின் வேர் அப்படியே இருக்கிறது.

ஆய்வுக்கூட_ஆந்தை எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். ஒரு திருத்தம் மட்டும். அந்தக் காலத்துச் சிசுத் திசு ஒரு கலவை. டோபமைன் செல்களோடு, செரோடோனின் என்ற வேறொரு வேதிப்பொருளைச் சுரக்கும் செல்களும் சேர்ந்தே போயின. ஒரு நோயாளிக்கே பல சிசுக்களின் திசு தேவை, ஒவ்வொரு தடவையும் தரம் வேறு. முறுக்கலுக்கு அந்தக் கலவையும் காரணமாக இருக்கலாம் என்ற கருத்து வலுவாகவே இருக்கிறது. இப்போது ஆய்வகத்தில் ஒரே செல் வழியிலிருந்து, எண்ணி, சோதித்து, உறையவைத்து அனுப்ப முடிகிறது. கியோட்டோ, நியூயார்க் இரண்டிலும் அந்த முறுக்கல் தலைகாட்டவில்லை.

பொய் அறுவையோடு ஒப்பிடும் சோதனை இப்போதும் வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தே இல்லை. புளூராக் 2025-இல் அதைத் தொடங்கிவிட்டது, சுமார் 102 பேர். அதன் முடிவு வரும்வரை யார் என்ன சொன்னாலும் பாதிதான்.

ஊர்க்குருவி77 எழுதியது:

எல்லோரும் கிளினிக்காரர்களைத் திட்டுகிறீர்கள். எங்கள் சித்தப்பாவுக்கு இதே மாதிரி ஊசி போட்டோம். மூன்றாம் நாள் கைத்தடி இல்லாமல் நடந்தார், கண்ணால் பார்த்தேன். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

வார்டு_டியூட்டி எழுதியது:

ஊர்க்குருவி, நீங்கள் பார்த்ததை நான் பொய் என்று சொல்லவில்லை. அவர் நடந்திருப்பார்.

பார்க்கின்சனில் நம்பிக்கையே மருந்து மாதிரி வேலை செய்யும், உளவியல் என்று ஒதுக்கிவிட முடியாத அளவுக்கு. 2001-இல் வான்கூவரில் நோயாளிகளுக்கு வெறும் உப்பு நீர் ஊசி போட்டு, மருந்தாக இருக்கலாம் என்று சொல்லி பெட் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் நிஜமாகவே டோபமைன் சுரந்திருந்தது. பலன் வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பே டோபமைனைக் கிளப்புகிறது, இந்த நோயிலோ குறைவது அதே டோபமைன். லட்சம் செலவழித்து, டிரெயின் ஏறிப் போய், வெள்ளைக் கோட்டு போட்டவர் முதுகில் ஊசி போட்டால் எதிர்பார்ப்பு எவ்வளவு இருக்கும்!

தவிர, புதுச் செல் வேரூன்றி இழை விட்டு டோபமைன் தர மாதக்கணக்காகும். மூன்றாம் நாள் நடந்தார் என்றால் அது செல்லின் வேலையாக இருக்கவே முடியாது. ஆறு மாதம் கழித்துச் சித்தப்பா எப்படி இருந்தார்?

ஊர்க்குருவி77 எழுதியது:

பழையபடிதான். இரண்டாவது தவணைக்கு வரச்சொன்னார்கள், போகவில்லை.

கீரைக்கட்டு எழுதியது:

பூனைக்காலி விதை சாப்பிடச் சொல்லுங்கள். இங்கிலீஷ் மருந்தே வேண்டாம். நம் முன்னோர் அறிந்தது.

வார்டு_டியூட்டி எழுதியது:

பூனைக்காலியில் லெவோடோபா இருப்பது உண்மை. 1937-இல் தாமோதரன், ராமசாமி என்ற இரண்டு பேர் சென்னையில் அதைப் பிரித்தெடுத்து ஆய்விதழில் எழுதியிருக்கிறார்கள். லெவோடோபா பார்க்கின்சனுக்கு மருந்தாக வருவதற்கு இருபது வருடத்துக்கு மேல் முன்னால்! ஆனால் அதனால்தான் ஆபத்தும். சின்டோபாவும் லெவோடோபா, விதையும் லெவோடோபா. டாக்டருக்குத் தெரியாமல் இரண்டையும் சேர்த்தால் அளவு எகிறி, முறுக்கலும் மனக்குழப்பமும் வரும். பொடிக்குப் பொடி அளவும் மாறும். சாப்பிடுவதாக இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடட்டும்.

மலைக்கோட்டை, இதைச் சொல்லும்போதே ஒன்று கேட்கிறேன். அப்பா மாத்திரையை எப்போது போடுகிறார்? இட்லி சாம்பாரோடு போட்டால் பருப்பிலிருக்கும் புரதம் லெவோடோபாவோடு போட்டி போடும், குடலிலும் மூளை வாசலிலும் இரண்டுக்கும் ஒரே வழிதான். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட்டுப் பாருங்கள். நிலைப்படிக்கு முன்னால் தரையில் கலர் டேப் குறுக்காக ஒட்டுங்கள், கோட்டைத் தாண்டச் சொன்னால் ஒட்டிய கால் பலருக்கு விடுபடும்.

மலைக்கோட்டை_வாசி எழுதியது:

பாலோடு போடுகிறார்! அம்மா தினமும் கையில் டம்ளரோடுதான் நிற்பார்.

வார்டு_டியூட்டி எழுதியது:

தண்ணீரோடு போடச் சொல்லுங்கள். பால் ஒரு மணி நேரம் கழித்து.

தென்றல்_மகள் எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் அம்மாவுக்கு அல்சைமர். பார்க்கின்சனுக்கு இவ்வளவு தூரம் வந்துவிட்டார்கள் என்றால் அல்சைமருக்கும் செல் வைப்பது பக்கத்தில் இருக்கிறதா?

ஆய்வுக்கூட_ஆந்தை எழுதியது:

வருத்தமான பதில்தான் அக்கா. இல்லை.

பார்க்கின்சனில் முதலில் சாவது பெரும்பாலும் ஒரு வகைச் செல், டோபமைன் போய்ச் சேர வேண்டிய இடமும் தெரியும். அல்சைமரில் ஞாபகத்துக்கான ஹிப்போகேம்பஸ் பகுதியில் தொடங்கி மூளையின் மேலடுக்கான புறணி முழுக்கப் பல வகை நரம்பணுக்கள் போகின்றன. அவற்றோடு போவது வாழ்நாள் முழுக்கப் பின்னிய இணைப்புகள். புதுச் செல் வைத்தாலும் அதற்கு உங்கள் முகம் தெரியாது. பார்க்கின்சனிலும் மலச்சிக்கல், வாசனை தெரியாமை, பிற்கால ஞாபகக் குறைவு இவற்றையெல்லாம் புட்டாமெனில் வைக்கும் செல் தொடப்போவதில்லை.

ஆனால் ஸ்டெம் செல் அல்சைமருக்கு வேறு விதத்தில் உதவுகிறது, எனக்குப் பிடித்த பகுதியே இதுதான். நோயாளியின் ரத்தத்தில் இருந்து ஐபிஎஸ் செல் செய்து, அதிலிருந்து அவருடைய நரம்பணுவையே தட்டில் வளர்க்கலாம். உயிரோடு இருப்பவரின் மூளைச் செல்லை வெட்டி எடுக்க முடியாதல்லவா? தட்டில் நோய் வளர்வதைப் பார்த்து, ஏற்கெனவே சந்தையில் உள்ள மருந்துகளை வரிசையாக அதன் மேல் விட்டுப் பார்ப்பார்கள். கியோட்டோவில் ஹருஹிசா இனோவே குழு அப்படித் தேடியபோது அகப்பட்டது புரோமோகிரிப்டின், பழைய பார்க்கின்சன் மாத்திரை. பரம்பரையாக வரும் ஒருவகை அல்சைமருக்கு 2020-இல் அதை வைத்துச் சோதனை தொடங்கினார்கள். கெயோ பல்கலைக்கழகத்தில், தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழியும் ஏஎல்எஸ் நோய்க்கு இதே வழியில் தேடியபோது கிடைத்த ரோப்பினிரோலும் பார்க்கின்சன் மாத்திரைதான். வேடிக்கையான தற்செயல். இரண்டும் இன்னும் நிரூபணம் ஆகாதவை, மெடிக்கலில் போய் வாங்கிவிடாதீர்கள்.

எதிர்க்கட்சி எழுதியது:

எனக்கு ஒரு ஆட்சேபம். நம் நாட்டில் எதற்கெடுத்தாலும் தடை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதலில் ரத்த நோய்கள் தவிர வேறு எதற்கும் ஸ்டெம் செல்லைச் சிகிச்சையாகக் கொடுக்கக் கூடாது, ஒப்புதல் பெற்ற சோதனையில் மட்டும் என்கிறார்கள். ஜப்பான் 2014 சட்டத்தில் சின்னச் சோதனைக்கே நிபந்தனை ஒப்புதல் தந்துவிடுகிறது. கியோட்டோ செல்லுக்கு சுமிட்டோமோ நிறுவனம் 2025 ஆகஸ்டிலேயே ஒப்புதல் கேட்டுவிட்டது. நாம் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

பழைய_பஞ்சாங்கம் எழுதியது:

ஜப்பானின் அவசரத்துக்கு விலையும் உண்டு. இதயத்துக்கு ஒட்டும் ஹார்ட்ஷீட் என்ற செல் தகட்டுக்கு 2015-இல் நிபந்தனை ஒப்புதல் கொடுத்தார்கள். 2024-இல் பலன் நிரூபணம் ஆகவில்லை என்று நிரந்தர ஒப்புதல் மறுக்கப்பட்டது. நடுவில் ஒன்பது வருடம்.

வாயைப் பார்த்து நிற்கிறோம் என்பதும் சரியில்லை. வேலூர் சிஎம்சி வளாகத்தில் ஸ்டெம் செல் ஆய்வு மையம் இருக்கிறது. ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபீலியா நோயாளிகளின் சொந்த ரத்த ஸ்டெம் செல்லில் மரபணுவைச் சேர்த்துத் திருப்பிச் செலுத்திய சோதனை அங்கே நடந்தது. ஐந்து பேர், முடிவு 2024-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. முறையாகச் செய்தால் இங்கேயும் வழி திறந்துதான் இருக்கிறது. தள்ளுபடி கொடுத்து விற்பதற்குத்தான் வழி இல்லை.

விதி எதற்கு என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். புளோரிடாவில் ஒரு கிளினிக்கில் 2015-இல் மூன்று பெண்களுக்கு, முதுமையில் வரும் விழித்திரைத் தேய்வுக்கு, வயிற்றுக் கொழுப்பில் எடுத்த செல்லை இரண்டு கண்ணிலும் ஒரே நாளில் ஊசி போட்டார்கள். ஆளுக்கு 5,000 டாலர். மூவருக்கும் பார்வை போனது. மாஸ்கோவில் சிசு நரம்புச் செல் போட்டுக்கொண்ட ஓர் இஸ்ரேலியச் சிறுவனுக்குச் சில வருடத்தில் மூளையிலும் தண்டுவடத்திலும் கட்டி. சோதித்தால் கட்டி அவனுடைய செல்லே இல்லை, ஊசியில் போன சிசுச் செல்லிலிருந்து வந்தது. பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எதிர்க்கட்சி எழுதியது:

கட்டி விஷயம் தெரியாது. சரி. ஆனால் நம் சோதனைகளுக்கு அரசு பணம் போட வேண்டும் என்பதில் நான் இறங்கி வரப்போவதில்லை.

மலைக்கோட்டை_வாசி எழுதியது:

ஊசி வேண்டாம் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. மாமாவுக்குத்தான் கோபம். இரண்டு கேள்வி. நிஜமான சோதனை எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதுவரை அப்பாவுக்கு வேறு என்ன வழி?

வார்டு_டியூட்டி எழுதியது:

இங்கே நடக்கும் மருத்துவச் சோதனைகள் சிடிஆர்ஐ என்ற தேசியப் பதிவேட்டில் இருக்கும், யார் வேண்டுமானாலும் தேடலாம். ஆனால் பதிவு எண் இருப்பது மட்டும் போதாது, புளோரிடா கிளினிக்கும் அமெரிக்கப் பதிவேட்டில் பெயர் போட்டிருந்தது. நெறிமுறைக் குழு ஒப்புதல் கடிதத்தைக் கேளுங்கள். முக்கியமாக, சோதனை மருந்துக்கு நோயாளியிடம் காசு கேட்டால் கிளம்பிவிடுங்கள்.

வேறு வழி என்றால், மூளையில் மின்முனை வைக்கும் டிபிஎஸ் பற்றி நியூராலஜிஸ்டிடம் கேட்டீர்களா? மாத்திரை பிடிக்கும்போது நன்றாக நடக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். டிபிஎஸ்ஸுக்கு அதுதான் முதல் தகுதி. மாத்திரை எதைச் சரிசெய்கிறதோ அதை டிபிஎஸ்ஸும் பெரும்பாலும் சரிசெய்யும், நாள் முழுக்க. மாத்திரை பிடித்திருக்கும்போதும் கால் ஒட்டுகிறது என்றால் அதற்கு இது உதவாது, அதைக் கவனித்துக் குறித்துக்கொண்டு போங்கள். ஞாபக மறதி இருக்கிறதா என்று முன்கூட்டியே சோதிப்பார்கள். எழுபதைத் தாண்டினால் பல மையங்களில் யோசிப்பார்கள், அதனால் தள்ளிப்போடாமல் இந்த மாதமே கேளுங்கள். செலவு பல லட்சம். பேட்டரி சாதாரணமா, சார்ஜ் போடுவதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சாதாரணம் என்றால் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிவரும், அதற்கு ஆகும் பணம் தனி.